சியூசிவி ராணுவ டீசல் வண்டியில் க்ளோ ப்ளக் திரும்பத் திரும்ப எரிந்துபோகிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். 1985ஆம் வருட எம்1008 சியூசிவி பிக்கப், அமெரிக்க ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டி. காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. குளிரில் டீசல் பற்றுவதற்காக சிலிண்டரைச் சூடாக்கும் எட்டு க்ளோ ப்ளக்கையும் புதிதாகப் போட்டீர்கள். கொஞ்ச நாள் சாவியைத் திருப்பியதும் பிடித்தது. பிறகு பழைய கதை. கழற்றிப் பார்த்தால் நான்கு ப்ளக் போயிருக்கிறது. இதற்கு நடுவில் ஜென் 2 விளக்கு, அதாவது பின் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் இரண்டாவது ஆல்டர்னேட்டரின் எச்சரிக்கை விளக்கு, வேறு மங்கலாக எரிகிறது. "எந்தக் கம்பெனி ப்ளக் தாங்கும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கடைசியில். புது ப்ளக் சில வாரங்களில் நான்கு போகிறது என்றால் அது ப்ளக்கின் தரத்தால் மட்டும் நடப்பதில்லை. ப்ளக்குக்குப் போகும் வோல்ட்டேஜ் தப்பு, அல்லது போக வேண்டிய நேரத்தைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்கு முன் அடுத்த செட் ப்ளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் இந்த வண்டியின் மின்சார அமைப்பு மனதில் தெளிவாகப் பதிய வேண்டும். சியூசிவி என்பது ஜெனரல் மோட்டார்ஸின் சாதாரண செவர்லே பிக்கப், பிளேசர் வண்டிகளை எடுத்து ராணுவத்துக்காக மாற்றியது. 6.2 லிட்டர் வி8 டீசல், ஸ்டானடைன் டிபி2 டீசல் பம்ப். விளக்கு, ஹார்ன், வைப்பர், பம்பின் ஷட்-ஆஃப் சோலனாய்டு எல்லாம் 12 வோல்ட். ஸ்டார்ட்டர் மட்டும் 24 வோல்ட். முன்பக்க கிரில்லில் இருக்கும் நேட்டோ சாக்கெட்டும் 24 வோல்ட். இதற்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆல்டர்னேட்டர் கொடுத்திருக்கிறார்கள். முன் பேட்டரியின் நெகட்டிவ் எர்த்தில் இருக்கிறது. அதன் பாசிட்டிவ்தான் பின் பேட்டரியின் நெகட்டிவ். அதாவது பின் பேட்டரியின் 'நெகட்டிவ்' முனையே பாடியிலிருந்து 12 வோல்ட் மேலே இருக்கிறது. அதை எர்த் என்று நினைத்து ஸ்பானரை பாடியில் உரச விட்டால் முன் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். எந்த வேலைக்கும் முதலில் கழற்ற வேண்டியது முன் பேட்டரியின் நெகட்டிவ், கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே.

இப்போது க்ளோ ப்ளக்குக்கு வருவோம். ப்ளக் 12 வோல்ட் சாமான். ஆனால் ராணுவ அமைப்பில் அதற்கு மின்சாரம் 24 வோல்ட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பில்) திருகியிருக்கும் பெரிய ரெசிஸ்டர்கள் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அனுப்புகின்றன. இப்படிச் செய்தால் இரண்டு பேட்டரியும் சமமாகக் குறையும். காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால் ரெசிஸ்டர் எவ்வளவு வோல்ட்டேஜைக் குறைக்கும் என்பது அதன் வழியாக ஓடும் கரண்டைப் பொறுத்தது, கரண்ட் எவ்வளவு என்பது எத்தனை ப்ளக் உயிரோடிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குக்காக ஒரு ப்ளக் சூடான நிலையில் 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் இணையாக இருந்தால் 0.125 ஓம், ரெசிஸ்டரும் அதே அளவு இருந்தால் 24 வோல்ட் சரிபாதியாகப் பிரிந்து ப்ளக்குக்கு 12 கிடைக்கும். ஒன்று செத்தால் மீதி ஏழுக்கும் 12.8. இரண்டு செத்தால் 13.7. நான்கு செத்தால் மீதி நான்குக்கும் 16 வோல்ட். சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தில் ஏறுவதால் 144 வாட்டில் இருந்த ப்ளக் 256 வாட்டில் வேகிறது. ஆறு செத்தால் மிச்சமிருக்கும் இரண்டுக்கு 19 வோல்ட்டுக்கு மேல். ஆக முதல் ப்ளக் வயதாகிப் போனால் போதும், அடுத்தவை வரிசையில் நிற்கின்றன. நிஜ ப்ளக்கின் ஓம் மதிப்பு சூட்டோடு மாறும் என்பதால் இந்த எண்கள் உங்கள் வண்டியில் அப்படியே வராது. போகும் திசை மாறாது.

இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துவிடுகிறேன். ரெசிஸ்டர் அமைப்பு இன்னும் கழற்றப்படாமல் இருந்தால், ஒரு ப்ளக் போனதும் மற்றவை மேல் வோல்ட்டேஜ் ஏறும் என்பது உறுதி. ப்ளக்குகளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொண்டால் எட்டும் சில நிமிடங்களில் எரியும் என்பதும் உறுதி. உங்கள் வண்டியில் இந்த இரண்டில் எது நடந்தது என்பதைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சிக்கல், இந்த வண்டிகள் 1984 முதல் 1987 வரை செய்தவை. படையில் ஒருவர், ஏலத்துக்குப் பிறகு இரண்டு பேர் என்று பல கைகள் வயரிங்கில் பட்டிருக்கும். வயர் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். நான் கீழே நிறம் சொல்லும் இடங்களிலும் அளந்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். அசல் வரைபடம் டிஎம் 9-2320-289-20 என்ற ராணுவப் பராமரிப்புக் கையேட்டில் இருக்கிறது. அதை அச்செடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ப்ளக்கைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை: கிராங்க் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்ஸரைப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரிவதற்குச் சூடு போதவில்லை. அப்போது க்ளோ ப்ளக், சுற்றும் வேகம், இன்ஜெக்‌ஷன் டைமிங் என்ற மூன்றுக்குள் தேடினால் போதும். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. எத்தனை புது ப்ளக் போட்டாலும் வண்டி பிடிக்காது. பம்பின் மேல் மூடியில் இருக்கும் ஷட்-ஆஃப் சோலனாய்டுக்கு வரும் வயரைக் கழற்றி, சாவி ஆனில் வைத்து, மறுபடி தொடவிட்டுப் பாருங்கள்: 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். இன்னொரு ஏமாற்று உண்டு. காலையில் சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி ஓடி, அணைந்து, பிறகு நீண்ட நேரம் கிராங்க் செய்தால்தான் பிடிக்கிறது என்றால் அது க்ளோ ப்ளக் கோளாறு கிடையாது. இன்ஜெக்டர்களுக்கு நடுவே போகும் சின்ன ரப்பர் ரிட்டர்ன் குழாய்கள் வறண்டு வெடித்து, ராத்திரியில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. எட்டு இன்ஜெக்டருக்குமான குழாயும், கடைசியில் அடைக்கும் ரப்பர் மூடிகளும் மலிவான சாமான்; இந்த வயது வண்டியில் பார்க்காமலே மாற்றிவிடலாம்.

அடுத்தது பேட்டரி. இங்கே எல்லோரும் செய்வது, மொத்த வோல்ட்டேஜை மட்டும் அளப்பது. 24.4 என்று காட்டினால் பரவாயில்லை என்று போய்விடுகிறார்கள். அது முன்னால் 11.6, பின்னால் 12.8 ஆக இருக்கலாம். விளக்கு, வைப்பர், ரேடியோ என்று 12 வோல்ட் சுமை எல்லாம் முன் பேட்டரியின் தலையில் விழுவதால் இரண்டும் சமமாக மூப்படைவதில்லை. ராத்திரி முழுக்க நிறுத்திய பிறகு ஒவ்வொரு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துத் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். முழுச் சார்ஜில் 12.6க்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தனித்தனியாகச் சார்ஜ் போட்டு மறுபடி அளக்க வேண்டும். கிராங்க் செய்யும்போது ஒவ்வொன்றும் 9.5க்குக் கீழே போகக் கூடாது. மாற்றுவதென்றால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று தொடரில் போட்டால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

எர்த் இணைப்புகளை இதே நேரத்தில் பார்த்துவிடலாம். மீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இரும்பிலும் வைத்துக் கிராங்க் செய்யுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ துரு இருக்கிறது. ஃபயர்வாலில் இருக்கும் எர்த் பட்டை, இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் பின்னல் வயர், கேபிள் நுனி வளையம் எல்லாவற்றையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டுவது அரை நாள் வேலை. குளிரில் இந்த இன்ஜின் பிடிக்கக் குறைந்தது நிமிடத்துக்கு 100 சுற்று வேண்டும். அதற்குக் கீழே போனால் அமுக்கத்தில் பிறக்கும் சூடு சிலிண்டர் சுவருக்கே போய்விடும்.

இனி ப்ளக். எட்டு வயரையும் உருவிவிட்டு, டெஸ்ட் விளக்கின் கிளிப்பை முன் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு ப்ளக் தலையிலும் வையுங்கள். எரியாதது செத்தது. எரிந்தது நல்லது என்று அர்த்தமில்லை. நுனி வீங்கி, உள்ளே பாதி கருகிய ப்ளக்கும் விளக்கை எரிய வைக்கும். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் ஒன்றிரண்டு ஓமுக்குள் மீட்டர் வயரின் தடையே கணக்கைக் குழப்பிவிடும். நம்பகமான வழி டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர். வயரை ப்ளக்கில் மாட்டி, கிளாம்ப்பை அதன் மேல் போட்டு, க்ளோ நடக்கும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடக்கத்தில் அதிகமாக இழுத்து, சில விநாடிகளில் பத்துச் சொச்சம் ஆம்பியரில் நிற்கும். எட்டில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். செத்தவை எந்தெந்த சிலிண்டர் என்பதையும் குறித்து வையுங்கள். ஒற்றைப்படை எண்கள் டிரைவர் பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். நான்கும் ஒரே பக்கம் வேலை செய்யவில்லையென்றால் ப்ளக்குக்கு ஒன்றுமில்லாமலே இருக்கலாம். அந்தப் பக்கத்துக்குப் போகும் ஃப்யூசிபிள் லிங்க் (ஃப்யூஸ் போல உருகும் வயர்த் துண்டு) உருகியிருக்கும். இந்த லிங்க் வெளியே முழு வயர் போலத் தெரியும், பிடித்து மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும். நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

கழற்றும் வேலையில்தான் பெரிய நஷ்டம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதிக வோல்ட்டேஜ் தின்ற ப்ளக்கின் நுனி வீங்கி, அது நுழையும் ப்ரீசேம்பரின் (டீசல் முதலில் பற்றும் சின்ன அறையின்) துளையைவிடப் பெரிதாகிவிடும். முதல் நாளே ப்ளக்கின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது 3/8 அங்குல ஆழ சாக்கெட்டால் கழற்றத் தொடங்குங்கள். மறை தளர்ந்து, சில சுற்றுகளுக்குப் பிறகு சுற்றுகிறது ஆனால் வெளியே வரவில்லையென்றால் நுனி மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே கட்டிங் பிளேயரால் பிடித்து ஆட்டி இழுத்தால் நுனி உடைந்து உள்ளே விழும். எண்ணெய் விட்டு, நேராக, மெதுவாக, சுற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். மீறி உடைந்துவிட்டால் அந்தத் துண்டை உள்ளே விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிஸ்டன் தலையில் பள்ளம் விழும். அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றினால் ப்ரீசேம்பர் தெரியும், பெரும்பாலும் துண்டை அந்த வழியாகவே எடுத்துவிடலாம். எடுத்த துண்டைப் பழைய ப்ளக்கோடு ஒட்ட வைத்துப் பார்த்து முழுசாக வந்துவிட்டதா என்று சரிபாருங்கள். வரவில்லையென்றால் ஹெட் கழற்ற வேண்டியிருக்கும். பயணி பக்கப் பின் ப்ளக்குகளை போனட் வழியாகக் கழற்ற முயன்று விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி மட்கார்டு வழியாகக் கையை விட்டால் நேராக எட்டும். திரும்பப் போடும்போது 11 முதல் 16 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், வயர் முனையின் பிடி லூஸாக இருந்தால் பிளேயரால் லேசாக அமுக்கிவிட்டு மாட்டுங்கள்.

ப்ளக் கையில் வந்ததும் நுனியை நன்றாகப் பாருங்கள், அது பாதிக் கதையைச் சொல்லிவிடும். வீங்கி, நெடுக்கில் வெடித்திருந்தால் அதிக வோல்ட்டேஜ், அல்லது அதிக நேரம். நுனி கரைந்து, கரித்து, தின்னப்பட்டது போலிருந்தால் இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காமல் ஒழுக்குகிறது. வடிவம் மாறாமல், வெறுமனே உள்ளே அறுந்திருந்தால் இயல்பான வயது.

ரிலேவும், அதை எப்போது மூடுவது என்று தீர்மானிக்கும் கன்ட்ரோல் கார்டும் அடுத்து. ரிலே ஃபயர்வாலில், இரண்டு பெரிய போல்ட்டும் இரண்டு சின்ன முனையும் உள்ளது. கார்டு டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங் கம்பத்தின் பக்கம் இருக்கும். சாவி போட்டதும் சின்ன முனை ஒன்றில் பாசிட்டிவ் வருகிறது. மற்றதை, வெளிர் நீல வயர் வழியாக, கார்டு எர்த்துக்கு இழுத்து ரிலேவை மூட வைக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதலில் சில விநாடி தொடர்ந்து சூடாக்கும். பிறகு ஸ்டார்ட் ஆன பின்னும் சிறிது நேரம் டக், டக் என்று விட்டுவிட்டு அடிக்கும். வோல்ட் மீட்டர் முள்ளும் கூடவே ஆடும். இது கோளாறு இல்லை, பலர் பயந்து கார்டை மாற்றுகிறார்கள். இன்ஜின் சூடாக இருந்தால் கார்டு க்ளோ செய்யவே செய்யாது, அதுவும் சரிதான்.

கோளாறு எங்கே என்று பிரிக்க இரண்டே அளவு போதும். ஒன்று, சாவியை எடுத்துவிட்டு, ப்ளக்குகளுக்குப் போகும் பெரிய போல்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே அளங்கள். அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். வோல்ட் இருந்தால் ரிலே ஒட்டிவிட்டது, உடனே முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். உங்கள் ப்ளக்குகளைக் கொன்றது இதுவாகத்தான் இருக்கும். வெறும் ஒருமுறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம், பத்து முறை போட்டு அணைத்து ஒவ்வொரு முறையும் அளங்கள். ஒட்டும் ரிலே எல்லா முறையும் ஒட்டாது. இரண்டாவது, ரிலே மூடியிருக்கும்போது இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே அளங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது, ஒட்டும் நாள் தூரத்தில் இல்லை. ரிலே அடிக்கவே இல்லையென்றால், சாவி ஆனில் நீல வயர் மாட்டியிருக்கும் முனையை ஒரு துண்டு வயரால் எர்த்தில் தொடுங்கள். டக் என்று மூடினால் ரிலே நல்லது. கார்டு, வெப்பநிலை ஸ்விட்ச், அல்லது நடுவில் உள்ள வயர் பழுது. மூடவில்லையென்றால் மற்ற முனைக்குப் பாசிட்டிவ் வருகிறதா என்று பார்த்துவிட்டு ரிலேவை மாற்றுங்கள். மாற்றும்போது காயிலின் வோல்ட்டேஜைப் பழையதில் அளந்து, அதற்கேற்ப வாங்குங்கள். கடையில் தோற்றத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

நிரந்தரத் தீர்வு ரெசிஸ்டரை வழியிலிருந்து எடுத்துவிடுவதுதான். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்துவிட்டார்கள், உங்கள் வண்டியில் முன்பே செய்திருக்கவும் கூடும். அதனால் முதலில் ரிலேவின் உள்வரும் பெரிய போல்ட்டில், ப்ளக் சூடாகாத நேரத்தில், அளந்து பாருங்கள்: 24 சொச்சம் இருந்தால் ரெசிஸ்டர் இன்னும் இருக்கிறது, 12 சொச்சம் இருந்தால் முன்னவர் மாற்றிவிட்டார். 24 இருந்தால் செய்ய வேண்டியது: முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரெசிஸ்டரிலிருந்து ரிலேவுக்கு வரும் கேபிளை ரிலே பக்கத்தில் கழற்றி, அதன் நுனியை நன்றாக இன்சுலேட் செய்து கட்டி வையுங்கள். அதன் மறுமுனையில் 24 வோல்ட் எப்போதும் இருக்கும் என்பதால் ரெசிஸ்டருக்கு உள்ளே வரும் கேபிளையும் 24 வோல்ட் இணைப்புப் பட்டையிலிருந்தே (பஸ் பட்டை) கழற்றிவிடுவது இன்னும் நல்லது. இப்போது முன் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒன்றை ரிலேவின் அதே போல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 200 ஆம்பியர் ஃப்யூஸ். ஃபயர்வால், மட்கார்டு விளிம்பு, மேனிஃபோல்டு பக்கம் எங்கேயும் உரசாமல் குழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள். ஃப்யூஸ் இல்லாமல் இந்த வேலையைச் செய்து வைத்திருக்கும் வண்டிகள் நிறைய. அந்தக் கேபிள் ஒருநாள் பாடியில் உரசினால் நிறுத்த எதுவுமில்லை.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும்: முன் பேட்டரி சீக்கிரம் காலியாகாதா? 100 ஆம்பியர் பத்து விநாடி என்பது 0.28 ஆம்பியர்-மணி. ஸ்டார்ட் ஆன பின் நடக்கும் விட்டுவிட்டுச் சூடாக்கலைச் சேர்த்தாலும் ஒன்றைத் தொடுவது சிரமம். ஜென் 1 நன்றாக இருந்தால் சில நிமிடத்தில் நிரப்பிவிடும். லாபம் என்னவென்றால், இனி ஒரு ப்ளக் செத்தாலும் மற்ற ஏழுக்கும் வோல்ட்டேஜ் ஏறாது.

இப்போது நீங்கள் கேட்ட ப்ளக் கேள்வி. தொடக்கத்தில் வந்தது ஏசி 13ஜி. வேகமாகச் சூடாகும், ஆனால் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது, விட்டால் எரியும், எரியும் முன் வீங்கும். 60ஜி சூடேற ஏற உள்தடையை ஏற்றிக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொள்ளும் வகை, வீக்கமும் அவ்வளவாக வராது. 12 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகு என் தேர்வு 60ஜி. அது முழுச் சூட்டுக்கு வர 13ஜியைவிடச் சற்று நேரம் எடுக்கும். கார்டு முதல் சுற்றை முடித்து விளக்கு அணைந்ததும் அவசரப்படாமல், கடும் குளிரில் இன்னொரு சுற்று விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு வகையையும் கலந்து போட வேண்டாம்.

கார்டைத் தூக்கிப்போட்டுவிட்டு டாஷ்போர்டில் ஒரு பட்டன் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பீர்கள். வைக்கலாம்: நீல வயரை எர்த்தில் தொடவிடும் பட்டன், கையை எடுத்ததும் திரும்பும் ஸ்பிரிங் வகை. நின்றுவிடும் டாகிள் ஸ்விட்ச் வைத்தால் என்றாவது ஒருநாள் அணைக்க மறந்து எட்டையும் எரிப்பீர்கள். 13ஜி ப்ளக் இருந்தால் எட்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். கார்டு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் சூடான இன்ஜினில் க்ளோ வேண்டாம் என்று அதற்குத் தெரியும், வண்டியைக் கடன் வாங்கும் மச்சானுக்குத் தெரியாது. ஈதர் ஸ்ப்ரே அடிப்பதை மட்டும் அறவே விடுங்கள். சிவந்திருக்கும் ப்ளக் ஈதரை நேரங்கெட்ட நேரத்தில் பற்றவைக்கும், ரிங் உடையும், பிஸ்டன் உடையும்.

ஜென் 2 விளக்கு தனி விஷயம், ப்ளக் எரிவதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்ஜினைச் சற்று வேகமான ஐட்லிங்கில் வைத்துப் பின் பேட்டரியின் இரு முனையிலும் அளங்கள்: 13.8க்கும் 14.6க்கும் நடுவில் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. மங்கலான விளக்கு ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் 'டையோடு ட்ரையோ' என்ற பாகத்தின் பலவீனத்தையோ, சொருகு இணைப்பில் உள்ள துருவையோ காட்டுகிறது. இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்வது ஊகம். சொருகியைச் சுத்தம் செய்வது இலவசம் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் அளந்து அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு போயிருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் டையோடு பின்னோக்கிக் கசிகிறது, பின் பேட்டரி ஓரிரு ராத்திரியில் காலியாகும். ஒரு எச்சரிக்கை: இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர்கள் உடல் எர்த் ஆகாதவை, நெகட்டிவுக்குத் தனி முனை உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஆல்டர்னேட்டரை ஜென் 2 இடத்தில் மாட்டினால் அதன் நெகட்டிவ் வயர் 12 வோல்ட் இணைப்பையும் இன்ஜின் பிளாக்கையும் நேராகச் சேர்த்துவிடும். மாட்டி முடிக்கும் முன்னே புகை வரும். பழையதையே ரிப்பேர் செய்யக் கொடுத்தால், தனி எர்த் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதன் நெகட்டிவ் முனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மீட்டரால் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாவியை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருப்பது இந்த வண்டியில் அடிக்கடி நடப்பது. ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்குப் போகும் வயர் டாஷுக்குள் போய், ரிலே, ஃபயர்வால் கனெக்டர் எல்லாம் சுற்றி வருவதால் வழியில் வோல்ட்டேஜ் இறங்கி, சோலனாய்டு அரைகுறையாக மூடி, தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்கிறது. கிராங்க் செய்யும்போது சோலனாய்டின் சின்ன முனையில் அளந்து, பேட்டரி அந்த நேரத்தில் காட்டுவதைவிட இரண்டு மூன்று வோல்ட் குறைவாக இருந்தால், ஃபயர்வாலில் ஒரு கனமான ரிலே வைத்து, பழைய வயரை அதைத் தூண்ட மட்டும் பயன்படுத்தி, சோலனாய்டுக்கு நேரே 24 வோல்ட் கொடுங்கள். ரிலே காயில் எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை அந்தத் தூண்டும் வயரை அளந்து முடிவுசெய்யுங்கள். அடியில் படுத்திருக்கும்போதே ஸ்டார்ட்டரின் முன் நுனியை பிளாக்கோடு பிடிக்கும் தாங்கு பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ கழற்றிப் போட்டுவிட்டு மாட்டாமல் விட்ட வண்டிகளில் ஸ்டார்ட்டர் போல்ட் அறுந்து, பிளாக்கில் போல்ட் ஏறும் காதே விரிசல் விட்டுப்போகிறது. முன் பேட்டரி நெகட்டிவில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டு வைத்தால் ஒட்டிய ஸ்டார்ட்டர், ஒட்டிய க்ளோ ரிலே இரண்டையும் அந்த ஒரே இடத்தில் நிறுத்தலாம்.

பேட்டரி இறங்கிப்போனால் சார்ஜ் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். கிரில் சாக்கெட்டில் 24 வோல்ட் வண்டியை மட்டுமே இணைக்கலாம். 12 வோல்ட் காரிலிருந்து கேபிள் போடுவதென்றால் முன் பேட்டரிக்கு மட்டும். பின் பேட்டரிக்குப் போட்டு, இரண்டு வண்டியின் பாடியும் எங்காவது தொட்டால் ஷார்ட் ஆகும்.

கையேட்டைத் திறக்கும் முன், ராத்திரி நின்ற பிறகு இரண்டு பேட்டரியின் தனித்தனி அளவு, ரிலேவின் உள்வரும் போல்ட்டில் இருக்கும் வோல்ட், சாவி எடுத்த பின் வெளிப்போகும் போல்ட்டில் இருக்கும் வோல்ட், செத்த நான்கும் எந்தெந்த சிலிண்டர், நுனி வீங்கியிருக்கிறதா என்ற ஐந்தையும் இங்கே எழுதுங்கள். அவை இருந்தால் ரிலேவா ரெசிஸ்டரா என்பதை ஊகமில்லாமல் சொல்லிவிடலாம்.